அக்கரைப் படிப்பும் அடுத்த தெரு கிளப்பும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ரோட்டரி, லயன்ஸ் மாதிரியான சேவைக் கிளப்புகள் பிள்ளைகளின் படிப்புக்கு என்ன செய்யும் என்பதைப் பற்றித்தான். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் குமரி. பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டும் என்று இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் இப்படி ஒரு கதவு இருப்பதே பல வீடுகளுக்குத் தெரியவில்லை, தெரிந்தவர்களும் "அது பணக்காரங்க சங்கம், நமக்கெதுக்கு" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் இன்டராக்ட் கிளப் (பள்ளிப் பிள்ளைகளுக்கான ரோட்டரி கிளப்) பார்த்துக்கொள்ளும் டீச்சர், ரோட்டரி மூலமாக ஒரு வருடம் வெளிநாட்டில் போய்ப் படிக்கலாம் என்று சொன்னாராம், அன்றிலிருந்து அவளுக்கு அதே பேச்சு. நான் ரப்பர் பால் வெட்டுகிறவன். இது நமக்கு எட்டுமா? பெண் பிள்ளையை முன்பின் தெரியாத வீட்டில் விடுவதா என்று மனைவி கேட்கிறாள்.
*ஒரு தகப்பன், குலசேகரம்*

பணம் அப்புறம். உங்கள் வீட்டம்மா கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதற்குச் சரியான பதில் கிடைக்காமல் எந்தப் பிள்ளையையும் அனுப்பக் கூடாது.

டீச்சர் சொன்னது ரோட்டரியின் யூத் எக்ஸ்சேஞ்ச் திட்டம், பிள்ளை அந்த நாட்டுக் குடும்பங்களோடு தங்கிப் படிக்கும். அப்படிப் பிள்ளையை வைத்துக்கொள்ள முன்வரும் குடும்பத்தோடு நேரில் பேசி, வீட்டைப் போய்ப் பார்த்து, அங்கே இருக்கும் பெரியவர்கள் மேல் குற்ற வழக்கு ஏதும் உண்டா என்றும் விசாரித்த பிறகுதான் சேர்க்க வேண்டும் என்பது ரோட்டரியின் விதி. வருடம் முழுக்க ஒரே வீட்டில் இருக்க மாட்டாள், பெரும்பாலும் இரண்டு மூன்று வீடுகள் மாறும். அங்குள்ள கிளப்பிலிருந்து ஒருவரைக் கவுன்சிலராகவும் போடுவார்கள். அவர் அவள் தங்கியிருக்கும் வீட்டைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது, அப்போதுதான் அந்த வீட்டிலேயே ஒரு சங்கடம் என்றாலும் வெளியே சொல்ல ஓர் ஆள் இருக்கும். வீட்டு விசாரணை முடிந்ததா, கவுன்சிலர் யார், அவசரத்துக்கு யாரை அழைப்பது, இதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூச்சப்படவே வேண்டாம், நல்ல கிளப் என்றால் கேட்கிற பெற்றோரைத்தான் விரும்பும்.

மகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. வண்டி ஓட்டக் கூடாது, மது கூடாது, போதைப்பொருள் கூடாது, காதல் கூடாது. மீறினால் பெட்டியைக் கட்டி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். இதை வீட்டில் சொல்லுங்கள், பாதிக் கவலை குறையும்.

சரி, பணத்துக்கு வருவோம். தங்க இடம், சாப்பாடு, பள்ளி இவற்றை அந்த நாட்டுக் கிளப்பும் குடும்பங்களும் பார்த்துக்கொள்ளும், மாதாமாதம் சின்னதாகக் கைச்செலவுப் பணமும் உண்டு. போக வர விமான டிக்கெட், பாஸ்போர்ட், விசா, மருத்துவக் காப்பீடு, துணிமணி எல்லாம் பெற்றோர் பொறுப்பு. டிக்கெட் மட்டுமே லட்சத்தை ஒட்டிப் போகும். மழை பிடித்தால் நாள்கணக்கில் வெட்டு நின்றுபோகிற தொழிலில் இருக்கிறவருக்கு இது சின்னத் தொகை இல்லை, அதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. கடன் வாங்கி அனுப்பாதீர்கள். "டிக்கெட் செலவில் எவ்வளவை உங்கள் கிளப் ஏற்கும்?" என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். கிளப்புக்குக் கிளப் பதில் மாறும், குலசேகரத்தில் இல்லையென்றால் மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் என்று போய்க் கேட்கலாம். அதோடு, உங்கள் கிளப் எந்த ரோட்டரி மாவட்டத்தில் வருகிறதோ (அவர்கள் மாவட்டம் என்பது நம் கலெக்டர் மாவட்டம் இல்லை, பல ஜில்லாக்கள் சேர்ந்தது) அது இந்த எக்ஸ்சேஞ்ச் திட்டத்தில் இருக்கிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும்.

படிப்புக் கணக்கையும் பாருங்கள். ஒரு வருடத் திட்டத்துக்கு அமெரிக்கா, ஐரோப்பா பக்கம் ஆகஸ்ட் வாக்கில் கிளம்புவார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டுப் போனால் திரும்பி வந்து பிளஸ் ஒன் சேரலாம், ஆனால் கூடப் படித்தவர்கள் பிளஸ் டூவில் இருப்பார்கள். அங்கே படித்த வருடத்தை இங்கே பிளஸ் ஒன்னாக எடுத்துக்கொள்வார்கள் என்று நம்பி இறங்காதீர்கள், தலைமையாசிரியரிடம் முன்னாலேயே பேசுங்கள். வருடம் போவது வேண்டாம் என்றால் சில நாளிலிருந்து மூன்று மாதம் வரை குறுகிய காலத் திட்டமும் உண்டு. பெரும்பாலும் இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை மாற்றிக்கொள்வதுதான் அது, உங்கள் மகள் அங்கே போனால் அந்த வீட்டுப் பிள்ளை உங்கள் வீட்டுக்கு வரும். என்னைக் கேட்டால் உங்கள் மகளுக்கு அதிலிருந்து தொடங்கலாம்.

தேர்வுக்கு நேர்காணல் வைப்பார்கள். அதற்காக இங்கிலீஷ் பேச்சு மனப்பாடம் பண்ண வைக்காதீர்கள். விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவதும், பட்டையைச் சரிவாகக் கீறினால் சிரட்டையில் சொட்டுகிற பாலும், அதை ஆசிட் விட்டு உறைய வைத்து மிஷினில் போட்டு ஷீட் அடிப்பதும், மிச்சமாகிற ஒட்டுப்பாலை உருட்டி வைப்பதும், இதையெல்லாம் அவள் பார்த்து வளர்ந்திருப்பாள். அதைத் தன் வார்த்தையில் அவள் சொல்லட்டும். தன் ஊரைத் தெரிந்து அதைப் பிறருக்குச் சொல்லத் தெரிந்த பிள்ளையைத்தான் இந்தத் திட்டம் தேடுகிறது.

நாகர்கோவிலில் சிவில் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறேன். அப்பா கடலுக்குப் போகிறவர். வெளிநாட்டில் மாஸ்டர்ஸ் படிக்க ரோட்டரி 30,000 டாலர் தரும் என்கிறார்கள். எப்படி விண்ணப்பிப்பது?
*ஒரு மாணவர், குளச்சல்*

தம்பி, நீங்கள் சொல்வது குளோபல் கிராண்ட் உதவித்தொகை. 30,000 டாலர் என்பது குறைந்தபட்சத் தொகை, அதற்குக் கீழே கிடையாது. பட்ட மேற்படிப்புக்கு, அதுவும் வெளிநாட்டில் படிக்க மட்டும். ஆனால் எந்தப் படிப்புக்கும் தர மாட்டார்கள். சமாதானம், நோய்த் தடுப்பு, குடிநீர் சுகாதாரம், தாய் சேய் நலம், அடிப்படைக் கல்வி, சமூகப் பொருளாதார வளர்ச்சி, சுற்றுச்சூழல் என்று ஏழு துறைகள், இதில் ஒன்றுக்குள் உங்கள் படிப்பும் அதற்குப் பிறகான வேலைத் திட்டமும் அடங்க வேண்டும். சுற்றுச்சூழல் 2021-இல்தான் சேர்ந்தது.

உங்களுக்கு அதில் நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். பெரிய கட்டடம் கட்டப் படிக்கிறேன் என்றால் கதவு திறக்காது. நம் கடற்கரை ஊர்களில் வீட்டு வாசல் வரை கடல் வந்து நிற்பதையும், தூண்டில் வளைவு (அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போடுகிற கல் தடுப்பு) கேட்டு ஊர் ஊராகப் போராடுவதையும், ஓரிடத்தில் கல்லைப் போட்டால் பக்கத்து ஊரில் மணல் அரிப்பதையும் நீங்கள் கண்ணால் பார்த்தவர். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது என்ன ஆனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடலரிப்பையும் கடலோர உயிர்ச்சூழலையும் சேர்த்துப் பார்க்கிற படிப்பாகத் தேடுங்கள். இப்போதே ஊரில் அது சம்பந்தமாக ஏதாவது வேலையில் இறங்குங்கள், விண்ணப்பத்தில் மார்க்கைவிட அது பேசும்.

நடைமுறை கொஞ்சம் நீளம். இந்தப் பணத்தைத் தருகிற அறக்கட்டளையான ரோட்டரி ஃபவுண்டேஷனுக்கு நீங்கள் தனியாக விண்ணப்பம் போட்டுவிட முடியாது. இங்கே ஒரு கிளப் அல்லது ரோட்டரி மாவட்டம், நீங்கள் படிக்கப்போகும் ஊர்ப் பக்கம் இன்னொன்று, இரண்டும் சேர்ந்து உங்களை முன்னிறுத்த வேண்டும். பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் கடிதமும் கையில் இருக்க வேண்டும். ஆக, படிப்பு தொடங்க ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும்போதே கிளப் கூட்டத்துக்குப் போய் அறிமுகமாகிவிடுங்கள். கடைசி நேரத்தில் ஃபார்மை நீட்டினால் நல்ல மனசுக்காரர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த முறை கிடைக்கவில்லை என்றால் வேலைக்குப் போங்கள். சில வருட அனுபவத்துக்குப் பிறகு, சமாதானம் சார்ந்த மேற்படிப்புக்கு ரோட்டரி பீஸ் ஃபெலோஷிப் என்று ஒன்று இருக்கிறது, ஃபீஸ், தங்கும் செலவு, பயணம் எல்லாம் அதிலேயே வந்துவிடும்.

நான் ரோட்டரி உறுப்பினர். என் பேத்திக்கு அந்த உதவித்தொகை கிடைக்குமா?
*ஒரு தாத்தா, கருங்கல்*

கிடைக்காது ஐயா. உறுப்பினர், அவர் கணவன் மனைவி, பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் யாருக்கும் ஃபவுண்டேஷன் உதவித்தொகை இல்லை. உறுப்பினர் பதவியை விட்டுவிட்டுக் கேட்கலாமா என்றால், 36 மாதம் கழிய வேண்டும். யூத் எக்ஸ்சேஞ்சுக்கு இந்தத் தடை கிடையாது, அதற்கு அனுப்பலாம். உங்கள் கிளப்பில் நீங்கள் மனது வைத்தால் வேறொரு வீட்டுப் பேத்தி படிப்பாள், அதைச் செய்யுங்கள் ஐயா.

வெளிநாடெல்லாம் வேண்டாம், மகள் இங்கே நர்சிங் சேர ஃபீஸ் கட்ட முடியவில்லை. கிளப்புகள் உதவுமா?
*ஒரு தாய், திங்கள்நகர்*

உதவும். ரோட்டரியில் டிஸ்ட்ரிக்ட் கிராண்ட் என்று ஒன்று உண்டு, உள்ளூர்ப் படிப்புக்கும், எந்த நிலைப் படிப்புக்கும் அதிலிருந்து தரலாம். லயன்ஸ் கிளப்புகளிலும் சொந்த நிதியிலிருந்து ஃபீஸ் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மார்க் ஷீட், வருமானச் சான்றிதழ், கல்லூரியின் ஃபீஸ் விவரம் மூன்றையும் எடுத்துக்கொண்டு மகளையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். காசோலையைக் கல்லூரி பெயரிலேயே தரச் சொல்லுங்கள், இரு பக்கத்துக்கும் நல்லது. அதற்கு முன் ஒன்று: ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. அது உரிமை, அதை விட்டுவிடாதீர்கள்.

வெளிநாட்டுப் பையன் ஒருவனை எங்கள் வீட்டில் சில மாதம் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வீடு சின்னது, மாமியாரும் கூட இருக்கிறார். என்ன சமைத்துப் போடுவது என்றே தெரியவில்லை.
*ஒரு குடும்பத் தலைவி, தக்கலை*

தனி அறை வேண்டியதில்லை. தனிக் கட்டில் வேண்டும், அவ்வளவுதான். அவன் வயதை ஒட்டிய உங்கள் மகனோடு ஒரே அறையில் படுக்கலாம். சாப்பாட்டுக்கென்று தனியாக எதுவும் செய்யாதீர்கள், மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் உங்கள் வீட்டில் எப்படியோ அப்படியே, முதல் வாரம் மட்டும் மிளகாயைக் கொஞ்சம் குறையுங்கள். எதற்காவது ஒவ்வாமை இருக்கிறதா என்று அவன் வருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், கடல் மீன் விஷயத்தில் இது முக்கியம். விருந்தாளியாக வைத்தால் இரண்டு வாரத்தில் உங்களுக்கும் களைப்பு, அவனுக்கும் சங்கடம். சாப்பிட்ட தட்டை அவனே கழுவட்டும், மாமியாரோடு கடைக்குப் போகட்டும். பெரியவர் இருக்கிற வீடு இந்தப் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற பெரிய கொடுப்பினை, பாஷை தெரியாமலே அவர்களுக்குள் பழகிவிடுவார்கள். உங்களையும் விசாரிப்பார்கள், வீட்டைப் பார்க்க வருவார்கள், அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் பிள்ளைக்கு அங்கே செய்வதைத்தான் இங்கே செய்கிறார்கள்.

விண்வெளிப் பொறியியலில் பிஎச்.டி. செய்கிறேன். பெண்களுக்கு என்று ஏதாவது உண்டா?
*ஒரு ஆய்வு மாணவி, நாகர்கோவில்*

சோன்டா என்கிற பெண்கள் சேவை அமைப்பு தருகிற அமீலியா இயர்ஹார்ட் ஃபெலோஷிப் உங்களுக்கென்றே இருக்கிறது. 1938-இல் தொடங்கியது, 10,000 டாலர், எந்த நாட்டுப் பெண்ணும் கேட்கலாம், உள்ளூர் கிளப் தேவையில்லை, நேரே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். சரக்கல்விளை கே. சிவனும் மேலக்காட்டுவிளை வி. நாராயணனும் இஸ்ரோ தலைவராகப் போன மாவட்டத்திலிருந்து ஒரு பெண் விண்ணப்பிக்கிறார் என்று படித்ததும் மனது நிறைந்துவிட்டது. ரிசல்ட் வந்ததும் கட்டாயம் எழுதுங்கள்.

நான் ஏழாம் வகுப்பு. நன்றாகப் படம் வரைவேன். எனக்கு ஏதாவது இருக்கா?
*ஒரு வாசகி, ஆரல்வாய்மொழி*

இருக்கு மக்களே. லயன்ஸ் கிளப் 1988-லிருந்து நடத்துகிற சமாதான ஓவியப் போட்டி 11 முதல் 13 வயது வரைக்கும்தான், சரியாக உன் வயது. உலக அளவில் முதல் பரிசு 5,000 டாலர். நீயே நேராக அனுப்ப முடியாது, பள்ளி மூலமாகப் போகலாம், அதற்கு ஒரு லயன்ஸ் கிளப் உன் பள்ளிக்காகப் பதிவு செய்ய வேண்டும். டிராயிங் சாரிடம் இதைக் காட்டு.

ஒருவர் ஒரு கிளப் பெயரைச் சொல்லி, எக்ஸ்சேஞ்சில் சீட் வாங்கித் தருகிறேன் என்று ரொக்கமாக முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
*ஒரு வாசகர், மார்த்தாண்டம்*

கொடுக்காதீர்கள். இந்தத் திட்டங்களில் சீட் விற்பனை கிடையாது, தரகரும் கிடையாது. கிளப் உறுப்பினர்கள் சம்பளமில்லாமல் செய்கிற வேலை இது. விண்ணப்பக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று ஏதாவது இருந்தால் கிளப் அல்லது ரோட்டரி மாவட்டத்தின் வங்கிக் கணக்குக்குப் போகும், ரசீது வரும். அந்த ஆள் சொன்ன கிளப் எந்த நாளில் எங்கே கூடுகிறது என்று விசாரித்து, கூட்டம் நடக்கும்போது நேரில் போய்த் தலைவரிடமும் செயலாளரிடமும் அவர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால், தேதி, தொகை, ஃபோனில் வந்த மெசேஜ் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு போலீசில் எழுதிக் கொடுங்கள். கொடுத்த வேறு பெற்றோரைத் தெரிந்தால் அவர்களையும் சேர்த்துக்கொண்டு போங்கள்.