சமாரியர் மேல் யூதர்களுக்கு அப்படி என்ன கோபம்?

கேள்வி: ஓய்வுநாள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நல்ல சமாரியன் கதை நடத்தினேன் (வழியில் அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியனும் லேவியனும் கண்டும் காணாமல் போக, ஒரு சமாரியன் காப்பாற்றுகிற கதை). "ரெண்டு பேருக்கும் மோசேதானே டீச்சர், அப்புறம் ஏன் ஒட்டும் உறவும் இல்லை?" என்று ஒரு பெண் கேட்டாள். சமாரியர் அந்நியரோடு கலந்துபோனவர்கள், அதனால்தான் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. "கலந்தால் என்ன டீச்சர்?" என்றாள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் வேறு வேறு சாதி என்று பிறகுதான் தெரிந்தது. அடுத்த வாரம் அவளுக்கு என்ன சொல்ல?
– வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: சகோதரி, அடுத்த வாரம் முதல் வேலையாக, "போன வாரம் நான் சொன்னது ஒரு தரப்பின் வாதம் மட்டும்தான்" என்று வகுப்பு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் செய்தால் போதாது. அன்று கேட்ட பிள்ளைகள் எல்லோரும் இதையும் கேட்க வேண்டும்.

நீங்கள் சொன்னது 2 இராஜாக்கள் 17ஆம் அதிகாரத்தில் இருப்பதுதான். கி.மு. 722 வாக்கில் அசீரியர்கள் சமாரியாவைத் தலைநகராகக் கொண்ட வடக்கு இஸ்ரவேலைப் பிடித்தார்கள். அங்கிருந்தவர்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோய், பாபிலோன், கூத்தா முதலிய இடங்களிலிருந்து வேறு ஜனங்களைக் கொண்டுவந்து குடிவைத்தார்கள். அந்தக் கலப்பில் வந்தவர்கள்தான் சமாரியர் என்பது எருசலேம்காரர்களின் வாதம். ஆனால் அசீரிய ராஜா சர்கோனின் கல்வெட்டு, சமாரியாவிலிருந்து கொண்டுபோனவர்கள் 27,290 பேர் என்கிறது. ஒரு தேசமே காலியாகிற கணக்கல்ல அது. பெரும்பாலானவர்கள் அங்கேயேதான் இருந்திருக்க வேண்டும்.

இதற்கு வேதாகமத்திலேயே சாட்சி இருக்கிறது. எரேமியா 41ஐப் பிள்ளைகளை விட்டே வாசிக்கச் சொல்லுங்கள். பாபிலோனியர் எருசலேமை அழித்த பிறகு, சீகேம், சீலோ, சமாரியா ஊர்களிலிருந்து எண்பது பேர் தாடியைச் சிரைத்து, உடைகளைக் கிழித்துக்கொண்டு, கையில் காணிக்கையும் தூபவர்க்கமும் ஏந்தி வருகிறார்கள். எங்கே? கர்த்தருடைய ஆலயத்துக்கு. இடிந்த கோயிலுக்காகத் துக்கம் கொண்டாட வடக்கிலிருந்து நடந்து வந்தவர்கள் எப்படி அந்நியர் ஆவார்கள்?

சமாரியரைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். எப்பிராயீம், மனாசே, லேவி கோத்திரங்களின் வாரிசுகள் நாங்கள். எங்கள் புனித மலையான கெரிசீமை விட்டுப் பிரிந்து ஆசாரியன் ஏலி சீலோவுக்குப் போனதில்தான் பிளவு தொடங்கியது. பிரிந்து போனவர்கள் நீங்கள்தான் என்பார்கள்.

ஆக இது அசல் பங்காளிச் சண்டை. தகராறு கர்த்தரைத் தொழவேண்டிய இடம் எது, கெரிசீமா எருசலேமா என்பதில்தான். சமாரியருக்கு வேதம் மோசேயின் ஐந்து புத்தகங்கள் மட்டும். தீர்க்கதரிசிகளும் சங்கீதங்களும் அவர்களிடம் வேதமாக இல்லை. அந்த ஐந்திலும் முக்கியமான இடத்தில் வேறுபாடு உண்டு. உபாகமம் 27:4இல் பலிபீடத்துக்கான கற்களை நாட்டவேண்டிய மலை நம் வேதாகமத்தில் ஏபால். அவர்கள் பிரதியில் கெரிசீம். எருசலேம் என்ற பெயரோ மோசேயின் புத்தகங்களில் எங்குமே வருவதில்லை. அவர்கள் பக்கமும் வலுவாகத்தான் இருக்கிறது.

எருசலேமின் மதிலைத் திரும்பக் கட்டிய ஆளுநர் நெகேமியாவின் காலத்தில் விரிசல் பெரிதாகிறது. பிரதான ஆசாரியன் குடும்பத்துப் பையன் ஒருவன், சமாரியாவை ஆண்ட சன்பல்லாத்தின் மகளைக் கட்டியிருந்தான். நெகேமியா அவனைத் துரத்திவிட்டார். கெரிசீமில் நடந்த அகழாய்வில், அங்கே கோயில் எழுந்ததும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் என்று தெரிகிறது. அப்போதும் உறவு முழுதாக அறுந்துவிடவில்லை. கி.மு. 407இல் எகிப்தின் எலிபான்டைன் தீவில் இருந்த யூதர்கள், இடிக்கப்பட்ட தங்கள் கோயிலைத் திரும்பக் கட்ட உதவி கேட்டு யூதேயாவின் ஆளுநருக்கு எழுதினார்கள். சன்பல்லாத்தின் மகன்களுக்கும் எழுதியிருப்பதாக அதே கடிதத்தில் சொல்கிறார்கள். பதிலும் இரண்டு தரப்பின் பெயரிலும் சேர்ந்தே வந்தது. அந்தப் பாப்பிரஸ் ஏடுகள் இன்றும் இருக்கின்றன. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம் இது.

உறவை அறுத்தது கலப்புத் திருமணம் அல்ல, நெருப்பு. எருசலேமின் பிரதான ஆசாரியரும் ஆட்சியாளருமான யோவான் ஹிர்கானு, கி.மு. 110 வாக்கில் கெரிசீம் கோயிலை அழித்தார். அதை அவர்கள் மறக்கவில்லை. இயேசு சிறுவனாக இருந்த காலத்தில், பஸ்கா இரவில் சமாரியர் சிலர் எருசலேம் ஆலயத்துக்குள் புகுந்து மனித எலும்புகளை இறைத்துத் தீட்டாக்கினார்கள் என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதுகிறார். லூக்கா 10இல் நல்ல சமாரியன் வருவதற்கு ஒரு அதிகாரம் முன்னால் பாருங்கள்: எருசலேமுக்குப் போகிறவர் என்பதற்காக ஒரு சமாரிய கிராமம் இயேசுவுக்கு இடம் கொடுக்க மறுக்கிறது, யாக்கோபும் யோவானும் வானத்திலிருந்து அக்கினியை இறக்கட்டுமா என்கிறார்கள். இயேசு அதட்டியது சீஷர்களைத்தான். இந்த இரண்டு பகுதியையும் சேர்த்தே நடத்துங்கள். கதையைக் கேட்டவர்களுக்கு எங்கே சுட்டிருக்கும் என்று பிள்ளைகளுக்குத் தானாகப் புரியும்.

"கலந்தால் என்ன?" என்ற கேள்விக்கு யூத வேத போதகர்களான ரபிமார்களே கிட்டத்தட்டப் பதில் சொல்லியிருக்கிறார்கள். சமாரியரைப் பற்றி அவர்கள் தொகுத்த சிறு நூல் ஒன்று, இவர்களை எப்போது ஏற்றுக்கொள்வோம் என்ற கேள்வியோடு முடிகிறது. கெரிசீமைக் கைவிட்டு, எருசலேமையும் மரித்தோர் உயிர்த்தெழுதலையும் ஒப்புக்கொள்ளும்போது என்பது பதில். அந்தப் பதிலில் பரம்பரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதை அந்தப் பெண்ணிடம் அப்படியே சொல்லுங்கள்.

சமாரியர் இன்னும் இருக்கிறார்களா என்று எவனாவது கேட்பான். இருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு முன் 150 பேருக்கும் கீழே போய்விட்டார்கள்; இன்று 800க்கு மேல். பாதிப் பேர் கெரிசீம் மலையில், மீதிப் பேர் டெல் அவீவ் பக்கம் ஹோலோனில். பஸ்காவுக்கு எல்லோரும் வெள்ளை உடுத்தி மலையில் கூடுவார்கள். பொழுது சாயும் வேளையில் ஆட்டுக்குட்டிகளை அறுத்து, வெந்நீர் ஊற்றி ரோமம் களைந்து, நீளக் கம்பில் கோத்து, நெருப்புக் குழியில் இறக்கி மேலே மண் போட்டு மூடுவார்கள். நடுராத்திரிக்குத் திறந்து, புளிப்பில்லா அப்பத்தோடும் கசப்புக் கீரையோடும் அவசரமாகச் சாப்பிடுவார்கள். எருசலேம் ஆலயம் கி.பி. 70இல் விழுந்ததிலிருந்து யூதர்கள் பஸ்கா பலியிடுவதில்லை.

சரி, சமாதானம் ஆகிவிட்டார்களா? 1841இல் கெரிசீம் மலையடிவாரத்து நாப்லுஸ் நகரத்துச் சமாரியருக்கு அங்கிருந்த முஸ்லிம்களால் உயிருக்கே ஆபத்து வந்தபோது, எருசலேமின் தலைமை ரபி, இவர்கள் தோராவை, அதாவது மோசேயின் ஐந்து புத்தகங்களை, ஏற்ற இஸ்ரவேலின் ஒரு கிளை என்று எழுதிக் கொடுத்தார். அதனால் தப்பினார்கள். இன்றைக்கு இஸ்ரேல் குடியுரிமைச் சட்டம் அவர்களை ஏற்கிறது. ஆனால் ஒரு சமாரியர் யூத முறைப்படி யூதரை மணக்க வேண்டுமானால், முதலில் முறையாக மதம் மாறி வரவேண்டும் என்கிறது ரபிமார்களின் தலைமை பீடம்.