மாதம் 24 பவுண்டு பல் காப்பீடு: அந்தப் பல்லுக்காக எடுக்காதீர்கள்

வணக்கம் நண்பரே. லெஸ்டரில் இருக்கிறீர்கள், கடைவாய்ப் பல்லுக்கு கேப் போடணும் என்று டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார், அதற்காக மாதம் 24 பவுண்டு காப்பீடு எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பல்லுக்காக என்றால் வேண்டாம். பாலிசி தொடங்கும் முன்பே டாக்டர் சொல்லிவிட்ட சிகிச்சைக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் பணம் தராது. நானும் இப்படி அவசரமாகச் சேர்ந்தவன்தான். பழைய எக்ஸ்ரேயை வாங்கிப் பார்த்துவிட்டு மறுத்துவிட்டார்கள்.

உங்கள் டாக்டர் உங்களை என்.எச்.எஸ்.ஸில், அதாவது அரசு மருத்துவச் சேவையில் பார்க்கிறாரா, தனியாராகவா? முடிவே அதில்தான் இருக்கிறது. 2025 ஏப்ரல் என்.எச்.எஸ். கட்டணப்படி இங்கிலாந்தில் செக்கப் 27.40 பவுண்டு, பல் அடைப்பும் ரூட் கெனாலும் 75.30, கேப் 326.70. ஒரே சிகிச்சைத் தொடரில் செக்கப், அடைப்பு, கேப் எல்லாம் நடந்தாலும் அந்த 326.70 மட்டும்தான். நீங்கள் காப்பீட்டுக்குக் கட்டப்போவதோ வருடத்துக்கு 288! அதைத் தனியாகச் சேர்த்து வையுங்கள்.

மனைவி மாசமாக இருக்கிறார் என்றீர்களே, அவருக்கு என்.எச்.எஸ். பல் சிகிச்சை முழுக்க இலவசம், குழந்தை பிறந்து 12 மாதம் வரைக்கும். மிட்வைஃபிடம் சொல்லி மகப்பேறு விலக்குச் சான்றிதழை உடனே வாங்குங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

தனியார் டாக்டர்தான் கிடைக்கிறார் என்றால் கணக்கு மாறும். அப்போது பாலிசியின் காத்திருப்புக் காலத்தையும், கேப்புக்கு வருடத்துக்கு எவ்வளவு வரை தருவார்கள் என்பதையும் இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.