வட்டம் மில்லிங் செய்தால் முட்டை வடிவம் வருவது ஏன்?

ஓசூரில் வி.எம்.சி. (கணினி கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும் மெஷின்) ஓட்டும் நண்பர் கேட்கிறார்: பிட்ச் எரர் காம்பன்சேஷன் (அச்சு நகரும் தூரத்தில் வரும் பிழையைக் கண்ட்ரோலில் திருத்துவது) போட்டும் வட்டம் 45 டிகிரி சாய்வில் நீள்கிறதே, ஏன்?

அந்தச் சாய்வுதான் துப்பு. வலஞ்சுழி, இடஞ்சுழி இரண்டிலும் வெட்டிப் பாருங்கள். சாய்வு பக்கம் மாறினால் சர்வோ பொருத்தம் சரியில்லை, அதாவது இரு அச்சு மோட்டார்களும் ஒரே சீராக இயங்கவில்லை. மாறாவிட்டால் கிடைமட்ட அச்சுகளான எக்ஸும் ஒய்யும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இல்லை. மூன்று அச்சு மெஷினில் வடிவியல் பிழைகள் 21: அச்சுக்கு ஆறாக 18, செங்குத்துப் பிழை 3. பிட்ச் காம்பன்சேஷன் திருத்துவது அச்சு நெடுக வரும் தூரப் பிழையை மட்டும்தான்.

முதலில் மெஷின் லெவல் (கிடைமட்டம்) பாருங்கள். அப்புறம் கிரானைட் மூலைமட்டத்தை எக்ஸுக்கு இணையாக வைத்து, அதற்குச் செங்குத்தான பக்கத்தில் டயலை (நுண்ணிய நகர்வைக் காட்டும் ஊசி அளவி) ஒய்யில் ஓட்டுங்கள். ஊசி ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போனால் பிழை அங்கேதான். கண்ட்ரோலில் வசதி இருந்தால் அந்த அளவைக் கொடுத்துத் திருத்தலாம். ஓசூர் காலைக் குளிரில் அளக்க வேண்டாம், மெஷினைச் சூடாக ஓடவிட்டு அளங்கள். எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 11 மைக்ரான் நீளும்.