கொம்புள்ள ஆமை தலையை எப்படி உள்ளிழுத்தது?

கேள்வி: பினாங்கு கெக் லோக் சி கோயில் குளத்து ஆமைகள் தொட்டதும் தலையை இழுத்துக்கொள்கின்றன. கொம்புள்ள ஆமைகள் இருந்தது உண்மையானால், அவை என்ன செய்தன?

உண்மைதான். ஆனால் தலை உள்ளே போகாது. மெயோலேனியா என்ற, இன்று அழிந்துபோன கொம்பாமையின் மண்டையோட்டில் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த எலும்புக் கொம்புகள் ஓட்டின் வாயில் இடிக்கும். அதனால் கொம்பும், எலும்பு வளையங்கள் சூழ்ந்து நுனியில் கதாயுதம்போல் தடித்த வாலும்தான் அதற்குக் காப்பு.

ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவில், மணற்குன்றுகள் இறுகி உருவான சுண்ணாம்புப் பாறையில் இதன் எலும்புகள் ஏராளம். 1886இல் இதற்குப் பெயரிட்ட பிரிட்டிஷ் உயிரியலாளர் ரிச்சர்ட் ஓவன் இதைப் பல்லி இனம் என்றே நினைத்தார். உதிரி எலும்புகளைப் பார்த்தால் யாருக்கும் வரக்கூடிய குழப்பம். மறு ஆண்டே மற்றொரு பிரிட்டிஷ் உயிரியலாளரான ஹக்ஸ்லி இது ஆமை என்று நிறுவினார்.

பசிபிக் தீவு நாடான வனுவாட்டுவின் எஃபாத்தே தீவுக் கதை வேறு. அங்கும் கொம்பாமை என்று கருதப்பட்ட ஓர் ஆமையின் எலும்புகள் கிடைத்தன. சுமார் 2,800 ஆண்டுகளுக்கு முந்தைய லாப்பித்தா மக்களின் (அத்தீவுகளில் முதலில் குடியேறியவர்கள்) குப்பைமேட்டில் கிடைத்தவை பெரும்பாலும் கால் எலும்புகள். மண்டையோடும் ஓடும் அரிது. வேறிடத்தில் வெட்டி, கறியுள்ள பாகத்தை மட்டும் கொண்டுவந்திருக்கலாம். தலை கிடைக்காததன் சிக்கல் இதுதான்: அந்த ஆமை உண்மையிலேயே கொம்பாமைக் குடும்பமா என்று பின்னர் ஆய்வாளர்களிடையே விவாதம் எழுந்தது.