பெயோட்டே சாப்பிட மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 33. மெக்சிகோவில் வேலை. மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம் எடுத்தும் மனசு மரத்துப்போன மாதிரியே இருக்கிறது. ரியல் தெ காத்தோர்சே பக்கத்துப் பாலைவனத்தில் பெயோட்டே கள்ளி தேடிப்போக நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். ஒரு வாரம் மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிடலாமா? அம்மாவுக்கு பைபோலார் (மனநிலை உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறும் நோய்) உண்டு.

பதில்: வேண்டாம். கள்ளியைவிட அந்த 'ஒரு வாரம்'தான் எனக்கு முதல் கவலை. இந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, தலைக்குள் சுரீரென்று மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு எல்லாம் வரலாம். பழைய சோர்வும் திரும்பலாம். சரி, நிறுத்தாமலே சாப்பிட்டால்? கள்ளியின் போதை மந்தமாகத் தெரியும். போதவில்லை என்று இன்னும் இரண்டு துண்டு மெல்லத் தோன்றும். ஆபத்து அங்கேதான்.

பெயோட்டேயில் இருப்பது மெஸ்கலின் என்ற, மாயக்காட்சி தரும் வேதிப்பொருள். முதலில் குமட்டல், வாந்தி. அப்புறம் இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும். மாயக்காட்சிகள் 10, 12 மணி நேரம்கூட நீடிக்கும். பாதியில் இறங்கிவிட வழியில்லை. பைபோலார் உள்ள குடும்பத்தில் பிறந்தவருக்கு இது முதல் மேனியாவையே, அதாவது கட்டுக்கடங்காத மனஎழுச்சியையே, கிளப்பிவிடலாம். சான் பெத்ரோ கள்ளிக்கு மாறினாலும் அதே மெஸ்கலின்தான்.

செடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முள் இல்லாத, சாம்பல் பச்சை உருண்டை. முள் இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சுக் குச்சம். காட்டில் விதையிலிருந்து பூக்கும் அளவுக்கு வளர 10 வருடத்துக்கு மேலும் ஆகலாம். வேரோடு பிடுங்கினால் கதை முடிந்தது. மெக்சிகோவில் இது பாதுகாக்கப்பட்ட தாவரம், பறிப்பது குற்றம். அந்த நிலத்தை விரிகூத்தா என்று வணங்கி யாத்திரை வரும் விஷாரிக்கா என்ற பழங்குடி மக்களுக்குச் சடங்குக்காக விலக்கு உண்டு. சுற்றுலா வந்தவருக்கு இல்லை, யார் கூட்டிப்போனாலும். ஊருக்கு எடுத்துவரும் எண்ணமும் வேண்டாம். மெஸ்கலின் நம் போதைப்பொருள் சட்டத்திலும் இருக்கிறது.

கூட வருபவர் யாராவது சாப்பிட்டு நெஞ்சு வலி, வலிப்பு, கடும் காய்ச்சல் என்றால் 911-ஐ அழையுங்கள். என்ன சாப்பிட்டார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

மனசு மரத்துப்போவது இந்த வகை மாத்திரைகளின் பக்கவிளைவாகவே இருக்கலாம். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ பார்க்க முடியும். உங்கள் மனநல மருத்துவரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். அம்மாவின் பைபோலாரையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஏனென்றால் உங்களுக்கு எந்த மருந்து என்பதையே அது மாற்றக்கூடும்.