கேளுங்க, சொல்றோம்: ரயிலா, பஸ்ஸா, காரா?

கேள்வி: ஐயா, அடுத்த மாசம் சென்னையில மச்சான் பொண்ணுக்குக் கல்யாணம். நான், வீட்டுக்காரம்மா, எங்க அம்மா, ஏழு வயசுல ஒண்ணு பத்து வயசுல ஒண்ணுன்னு ரெண்டு பசங்க. எல்லாரையும் இட்டுகினு போவணும். ரயில்தான் சீப்புன்னு வீட்ல ஒரே பிடி. எனக்கு இன்னாவோ கணக்கு உதைக்குது. நீங்களே தீர்ப்பு சொல்லுங்க.
- சத்துவாச்சாரி வாசகர்

பதில்: நல்லா மாட்டிவிட்டீங்க சார், புருசன் பொண்டாட்டி பஞ்சாயத்துல! டிக்கெட்டை மட்டும் பாத்தா வீட்ல சொல்றதுதான் சரி. காட்பாடியிலருந்து சென்ட்ரல் 130 கிலோமீட்டர், செகண்ட் சிட்டிங்ல, அதாவது உக்காந்து போற சாதா கிளாஸ்ல, ரிசர்வ் பண்ணிப் போனாலும் ஆளுக்கு நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும். அரசு பஸ்ல எக்ஸ்பிரஸ்னா கிலோமீட்டருக்கு 75 பைசா, சூப்பர் டீலக்ஸ்னா 85 பைசா, இது 2018-ல போட்ட ரேட்டு, ரோட்டு வழியா ஒரு 140 கிலோமீட்டர்னு வெச்சிகினா டோலோட சேர்த்து ஆளுக்கு நூத்தி சொச்சம் வரும்.

ஆனா உங்க வீட்ல பசங்க ரெண்டு பேர் இருக்காங்களே, அங்கதான் கணக்கு திரும்புது. பஸ்ல அஞ்சுலருந்து பன்னெண்டு வயசு வரைக்கும் அரை டிக்கெட், அப்போ உங்களுக்கு நாலு டிக்கெட் காசுதான். ரயில்ல செகண்ட் சிட்டிங் ரிசர்வேஷன்ல அந்த அரை டிக்கெட்டே கிடையாது, சேர் கார்லயும் கிடையாது, சீட்டு குடுத்துட்டா சின்னப் பசங்களுக்கும் முழு டிக்கெட்தான், அதனால அஞ்சு. அன்ரிசர்வ்ட்ல அரை டிக்கெட் இருக்கு, ஆனா முகூர்த்த நாள்ல பட்டுப்புடவையும் சீர்த்தட்டுமா ஜெனரல் பெட்டியில ஏறிப்பாருங்க, அப்புறம் எனக்கு வேற மாதிரி லெட்டர் வரும்.

இதுக்கு மேல ஆட்டோ. நீங்க இருக்கறது சத்துவாச்சாரி, மெட்ராஸ் பஸ்ஸு உங்க ஊரு ஹைவேலயே போவுது. காட்பாடி ஸ்டேஷனுக்கோ ரிவர்ஸ்ல பாலாத்துப் பாலம் தாண்டிப் போவணும். அஞ்சு பேரு, பெட்டி படுக்கைன்னா இருநூறுக்குக் கம்மியா யாரும் வரமாட்டாங்க, ரயில் டிக்கெட்ல மிச்சம் புடிச்ச முப்பது நாப்பது ரூபாய் அங்கயே காலி. சாதா டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு ஃப்ரீ, அதுல போனா கொஞ்சம் தேறும், ஆனா லக்கேஜோட ஏறி எறங்குறது யாரு?

மண்டபம் எங்கன்னு நீங்க எழுதவே இல்ல பாருங்க. பூந்தமல்லி, போரூர் பக்கம்னா கண்ண மூடிகினு பஸ், பூந்தமல்லியிலயே எறங்கிடலாம். புரசைவாக்கம், மயிலாப்பூர்னா ரயில்தான், சென்ட்ரல்லருந்து கிட்ட. கார் இருந்தா எடுக்கலாமான்னு அடுத்து கேப்பீங்க. லிட்டருக்குப் பதினஞ்சு கிலோமீட்டர் குடுக்குற வண்டின்னா போக வர பத்தொம்பது லிட்டர் பெட்ரோல் ஆவும், அதுவே ரெண்டாயிரத்துக்குப் பக்கம், வாலாஜா டோல்கேட்டுலருந்து டோல் வேற தனி. பஸ்ஸோ ரயிலோ போக வர ஆயிரத்து சொச்சத்துல முடியிற வேலை. அம்மாவுக்கு முட்டி வலின்னா காரு எடுங்க, காசு மிச்சம் பண்ண எடுக்காதீங்க.

கேள்வி: கோயமுத்தூர்ல இருக்கற அக்கா வீட்டுக்குப் போறோம் சார். பையனுக்கு ஒம்போது வயசு. ஸ்லீப்பர்ல அரை டிக்கெட் போட்டா பெர்த்து வராதாமே, நெஜமா?
- குடியாத்தம் வாசகி

பதில்: நெஜம்தாம்மா. 2016 ஏப்ரல் 21-லருந்து அதான் ரூல். அஞ்சு வயசுக்குக் கீழன்னா டிக்கெட்டே வேணாம், அஞ்சுலருந்து பன்னெண்டு ஆவுற வரைக்கும் பெர்த் வேணும்னா முழுக் காசு, வேணாம்னா பாதிக் காசு, உங்க பெர்த்லயே ஒட்டிகினு படுக்கணும். ஒம்போது வயசுப் பையன் ராத்திரி முழுக்க ஒதைப்பான், நீங்க ஈரோடு வரைக்கும் உக்காந்துகினே போவீங்க, அதனால முழு டிக்கெட்டே போட்டுடுங்க. அப்பவும் ரயில்தான் லாபம். காட்பாடியிலருந்து கோவை 365 கிலோமீட்டர் சுமாருக்கு, ஸ்லீப்பர் முன்னூறு ரூபாய்க்குள்ள வந்துடும், அதுல படுத்துகினு போவீங்க. அரசு பஸ்ல அல்ட்ரா டீலக்ஸ்னா கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய், அதுல உக்காந்துகினு போவீங்க. ஆம்னி பஸ்ஸு பண்டிகை நேரத்துல என்ன ரேட்டு சொல்லும்னு உங்களுக்கே தெரியும், நான் வாயத் தொறக்கல. நீலகிரி, சேரன் எக்ஸ்பிரஸ் ரெண்டுமே ராத்திரியில காட்பாடி வழியா போவுது. ஆனா புக்கிங் இப்போ அறுபது நாளைக்கு முன்னாடிதான் தொறக்குது, 2024 நவம்பர்லருந்து இப்படி, பழைய நெனப்புல நாலு மாசம் முன்னாடியே போய் நிக்காதீங்க. ஆன்லைன்ல போட்டா ஸ்லீப்பருக்கு சர்வீஸ் சார்ஜ் யுபிஐ-னா பத்து ரூபாய், கார்டுன்னா பதினஞ்சு, ஜிஎஸ்டி தனியா கூட வரும். கவுன்ட்டர்ல அது இல்ல, ஆனா போயிட்டு வர பெட்ரோலுக்கு அது சரியாப் போயிடும்.

கேள்வி: எனக்கு 67 வயசு. ரயில்ல சீனியர் சிட்டிசன் சலுகை திரும்ப வந்துடுச்சா?
- ஆரணி வாசகர்

பதில்: இல்லீங்க பெரியவரே. ஆம்பளைங்களுக்கு அறுபது வயசுலருந்து 40 சதவீதம், பொம்பளைங்களுக்கு 58-லருந்து 50 சதவீதம்னு இருந்துச்சி, 2020 மார்ச் 20-ல கொரோனாவுக்காக நிறுத்துனது, கொரோனா போயிடுச்சி, சலுகையும் அதோட போயிடுச்சி. வயசை சரியா போட்டு புக் பண்ணுங்க, லோயர் பெர்த் கெடைக்க வாய்ப்பு இருக்கு. இதோட இன்னொண்ணு, வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வர்ற நெறைய பேருக்கே இது தெரியல: கேன்சர் பேஷன்ட் ட்ரீட்மென்ட்டுக்குப் போக வர ஸ்லீப்பர், தேர்ட் ஏசி-ல டிக்கெட் காசு கெடையாது, கூடப் போற ஒருத்தருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. டாக்டர்கிட்ட அதுக்குன்னு இருக்கற ஃபாரத்துல சர்ட்டிஃபிகேட் வாங்கிகினு கவுன்ட்டர்ல குடுங்க.

கேள்வி: பௌர்ணமிக்கு திருவண்ணாமலை போக ரயில் வசதிப்படுமா அண்ணே?
- வேலூர் கொணவட்டம் வாசகர்

பதில்: காசுன்னு பாத்தா அதுக்கு மேல சீப்பு எதுவும் இல்ல தம்பி. சென்னை பீச் ஸ்டேஷன்லருந்து வேலூர் கன்டோன்மென்ட் வர்ற வண்டியை 2024 மே மாசம் திருவண்ணாமலை வரைக்கும் நீட்டுனாங்க, சென்னையிலருந்தே ஐம்பது ரூபாய்தான்னா உங்களுக்கு எவ்வளவு ஆவும்னு பாத்துக்கங்க. நேரம்தான் இடிக்குது. கன்டோன்மென்ட்ல ராத்திரி ஒம்போதரைக்கு மேல ஏறுனா அங்க நடுராத்திரி எறக்கி வுடும், திரும்பற வண்டி விடிகாலை நாலு மணிக்கு. கிரிவலம் 14 கிலோமீட்டர். வீட்டோட போய் அதுக்குள்ள சுத்தி முடிக்கணும்னா நடை இல்ல, ஓட்டம்தான். போகும்போது ரயில்ல போங்க, நிதானமா சுத்திட்டு, டீ குடிச்சிட்டு, போளூர் வழியா பஸ்ல வாங்க.