கினோவா உண்மையிலேயே அவ்வளவு சத்தானதா? தினசரிச் சமையலில் எப்படிப் பயன்படுத்துவது?

சத்தானதுதான். ஆனால் பாக்கெட்டில் 100 கிராமுக்கு 14 கிராம் புரதம் என்று போட்டிருப்பது வேகாத கினோவாவின் கணக்கு. வெந்தால் தண்ணீரைக் குடித்து மூன்று மடங்காகிவிடும். தட்டில் விழும் ஒரு கப் கினோவாவில் (சுமார் 185 கிராம்) 8 கிராம் புரதமும் 5 கிராம் நார்ச்சத்தும் இருக்கும், 220 கலோரி வரும். ஒரு கப் வெள்ளைச் சோற்றிலும் கலோரி ஏறக்குறைய அதேதான். புரதம் மட்டும் 4 கிராம், நார்ச்சத்து ஒரு கிராம்கூடத் தேறாது.

புரதத்தின் அளவை விட அதன் தரம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அரிசியிலும் கோதுமையிலும் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பு சேரும்போதுதான் அந்தக் குறை தீரும். கினோவாவில் லைசின் தாராளமாக உண்டு. இது நெல், கோதுமை போலப் புல்லினத் தானியம் இல்லை, பாலக்கீரை, பீட்ரூட் குடும்பத்துச் செடியின் விதை. கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதமும் கிடையாது. மக்னீசியம், ஃபோலேட் என்ற பி வைட்டமின் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன.

சர்க்கரை நோய்க்கு எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். அந்த ஒரு கப்பில் கிட்டத்தட்ட 39 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. சோற்றை விட மெதுவாகச் சர்க்கரையை ஏற்றும், அவ்வளவுதான். அளவு முக்கியம். கால்சியத்துக்காக வாங்குவதாக இருந்தால் கேழ்வரகே போதும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், கினோவாவில் 50-ஐக்கூடத் தொடாது.

தென் அமெரிக்காவின் பெருவிலும் பொலிவியாவிலும் ஆண்டிஸ் மலைக்காரர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சாப்பிட்டு வருவது இது. உருளைக்கிழங்கு போட்டு கெட்டி சூப்பாக வைப்பார்கள், பாலும் சீஸும் சேர்த்துக் குழைப்பார்கள், ஆப்பிளோடு கொதிக்கவைத்துக் காலையில் சூடாகக் குடிப்பார்கள். ஐ.நா. 2013-ஐ கினோவா ஆண்டாக அறிவித்ததும் உலகம் முழுக்கப் பேச்சு இன்னும் கூடியது.

சரி, சமையலுக்கு வருவோம். கழுவுவதில்தான் பாதி ருசி இருக்கிறது. விதையின் மேல்தோலில் சபோனின் என்ற கசப்புப் பொருள் உண்டு. பூந்திக்கொட்டையை நுரைக்க வைப்பதும் அதே வகைப் பொருள்தான். பாக்கெட்டில் கழுவியது என்று போட்டிருந்தாலும் நான் விடமாட்டேன். கண் சிறிய வடிகட்டியில் போட்டு, நுரை நிற்கும்வரை தேய்த்துக் கழுவுங்கள். அரிசி களையும் பாத்திரத்தில் கழுவினால் தண்ணீரோடு விதையும் போய்விடும்.

பிறகு வெறும் வாணலியில் ஈரம் போக வறுத்து, ஒரு கப்புக்கு இரண்டு கப் தண்ணீர் விட்டு, மூடி, சிறு தீயில் 15 நிமிடம். ஒவ்வொரு விதையிலிருந்தும் வெள்ளையாக வால் சுருண்டு வெளியே வந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் மூடியே வைத்துவிட்டுக் கிளறினால் உதிரியாக இருக்கும்.

எங்கள் வீட்டில் அதிகம் செய்வது எலுமிச்சைக் கினோவா. கடுகு, கடலைப்பருப்பு, நிலக்கடலை, பச்சை மிளகாய் தாளித்து, ஆறிய கினோவாவைப் புரட்டி, இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிய வேண்டும். இதிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர அந்தப் புளிப்பும் உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தப் பலன் குறையும். உப்புமாவுக்குத் தண்ணீர் ஒரு கையளவு குறைத்துக்கொள்ளுங்கள். வெண்பொங்கல் என்றால் பாசிப்பருப்போடு குக்கரில் குழைய விடலாம், மிளகும் நெய்யும் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். அடைக்கு ஊறவைக்கும்போது அரிசியில் பாதிக்குப் பதில் கினோவா போடலாம், மொறுமொறுவென்று வரும். தயிர்ச்சாதம் போலவும் பிசையலாம், ஆனால் அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள், தயிரை இழுத்து இறுகிவிடும்.

புதிதாகச் சாப்பிடுபவர்கள் வெள்ளைக் கினோவாவில் தொடங்குங்கள். சிவப்பும் கறுப்பும் இன்னும் கொஞ்சம் நேரம் வேக வேண்டும், கடித்துத்தான் சாப்பிட வேண்டியிருக்கும். முதல் வாரம் அரை கப்புக்கு மேல் வேண்டாம், பழகாத வயிற்றுக்கு நார்ச்சத்து உப்புசம் தரும். சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள், சில வகைக் கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் இதில் உண்டு. விலையும் அரிசியைப் போலப் பல மடங்கு. அதனால் தினமும் மூன்று வேளையும் என்றில்லாமல், வாரத்தில் ஓரிரு முறை இரவுச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டால் போதும்.